மோட்டர் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

வவுனியாவில் பல வருடங்கள் குறையில்லாமல் தண்ணீர் இறைத்த ஒரு குதிரைவலு மோட்டர் ஒன்று, பண்டாரவளைப் பக்கம் வந்ததும் கைவிட்டது. சரியாகச் சொல்வதானால் மோட்டர் ஓடியது. தண்ணீர்தான் வரவில்லை.

அதன் சொந்தக்காரர்கள் 1983 கலவரத்தின் பின் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்குப் போன குடும்பத்தினர். அங்கே காடு வெட்டி, கிணறு தோண்டி, போரின்போது மறுபடியும் இடம்பெயர்ந்து, திரும்பவும் குடியேறியவர்கள். அந்தக் குடும்பத்தின் மகளும் மருமகனும் சில வருடங்களுக்கு முன் உறவினர் கொடுத்த கால் ஏக்கர் காணியை நம்பி மலைக்குத் திரும்பினார்கள். லொறியில் ஏற்றிவந்த சாமான்களில் அந்த மோட்டரும் இருந்தது. போஞ்சியும் லீக்ஸும் போட்டார்கள். காணியில் கிணறு இருந்தது, கரண்டும் இருந்தது. பட்டனை அழுத்தினால் மோட்டர் சுற்றியது. குழாயில் காற்றுக்கூட வரவில்லை.

பாஸ் ஒருவரிடம் கொண்டுபோனார்கள். சீல் போய்விட்டது என்று மாற்றிக் கொடுத்தார். தண்ணீர் வரவில்லை. இரண்டாம் முறை புதிய புட் வால்வு. அப்போதும் வரவில்லை. மூன்றாம் முறை, "இது பழைய சாமான், புதுசு ஒன்று வாங்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குள் அந்த அக்காவின் தோடு அடகுக் கடைக்குப் போயிருந்தது. போஞ்சியில் பாதி காய்ந்தும் போயிருந்தது.

நாம் அங்கே போனபோது கொண்டுபோனவை ஒரு கயிறும் ஒரு கல்லும் மட்டுமே. கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி, நனைந்த இடத்திலிருந்து மோட்டர் இருக்கும் மட்டம் வரை கயிற்றை அளந்தோம். 22 அடி. "வவுனியாவில் எத்தனை அடி இருந்தது?" என்று கேட்டோம். "அங்கயும் இதே அளவுதான் ஐயா, கோடையில 22 அடி இருக்கும். அங்க இழுத்த மோட்டர் இங்க ஏன் இழுக்கல?" என்று அந்த அக்கா திருப்பிக் கேட்டார்.

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் மோட்டருக்குள் இல்லை. மலையில் இருக்கிறது.

தண்ணீரைத் தூக்குவது யார்?

பம்பு தண்ணீரை இழுக்கிறது என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் பம்பு இழுப்பதில்லை. அது தன் வாயில் உள்ள தண்ணீரை வெளியே தள்ளி, அந்த இடத்தில் ஒரு வெறுமையை உண்டாக்குகிறது. அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீரின் மேல் காற்று எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறது. குழாய்க்குள் அழுத்தம் குறைந்தவுடன் வெளியே உள்ள காற்று தண்ணீரைக் குழாய்க்குள் அமுக்கி மேலே ஏற்றுகிறது. இளநீரைக் குழல் வைத்துக் குடிக்கும்போதும் இதுவே நடக்கிறது.

ஆகவே தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்பது காற்றின் பாரத்தைப் பொறுத்தது. கடல் மட்டத்தில் அந்தப் பாரம் ஏறத்தாழ 34 அடித் தண்ணீரைத் தாங்கும். அதற்கு மேல் ஓர் அங்குலமும் ஏறாது, எத்தனை குதிரைவலு மோட்டர் போட்டாலும் சரி. இத்தாலியில் கிணறு வெட்டுவோரும் பம்பு செய்வோரும் இந்த எல்லையில் முட்டிக்கொண்டு நின்றபோதுதான் அறிஞர்கள் காரணம் தேடத் தொடங்கினார்கள். 1640களில் தொரிச்செல்லி என்பவர் பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயைக் கொண்டு காற்றுக்குப் பாரம் உண்டு என்று காட்டினார். 1648 செப்டம்பரில் பிரான்ஸ் நாட்டில் பாஸ்கால் என்ற அறிஞரின் மைத்துனர் அதே போன்ற குழாயை ஒரு மலையுச்சிக்குக் கொண்டுபோனார். அடிவாரத்தில் இருந்ததைவிட உச்சியில் பாதரசம் தாழ்ந்து நின்றது. மேலே போகப் போகக் காற்றின் பாரம் குறைகிறது என்பது அன்றே தெரிந்துவிட்டது. பண்டாரவளைக் கிணற்றடியில் எமக்கு மறுபடியும் காட்டப்பட்டதும் அதுவே.

கணக்கு இப்படி வருகிறது. ஆயிரம் அடி மேலே ஏறினால், காற்று தூக்கக்கூடிய உயரத்தில் ஓரடிக்குச் சற்று அதிகமாகக் குறையும். பதுளை நகரம் ஏறத்தாழ 2,200 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே 34 அடி 31 அடியாகிறது. ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் உள்ள பண்டாரவளையில் அது 29 அடி. அப்புத்தளையில் இன்னும் குறைந்து 28 அடியை நெருங்கும். இது காகிதக் கணக்கு மட்டுமே. குழாயின் உராய்வு, வளைவுகள், புட் வால்வின் தடை, பம்பின் சொந்தக் குறை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பத்தடியைக் கழித்துவிட வேண்டும். சமவெளியில் 23, 24 அடி வரை நம்பலாம் என்றால், பண்டாரவளையில் 19 அடி. அதற்கு மேல் போனால் தண்ணீர் சொட்டும், அல்லது வரவே வராது.

வவுனியா கடல் மட்டத்திலிருந்து சில நூறு அடிக்குள் உள்ள ஊர். 22 அடியில் இருந்த தண்ணீரை அந்த மோட்டர் அங்கே எட்டிப் பிடித்தது, ஆனால் விளிம்பில் நின்றுதான் பிடித்தது. இங்கே நாலரை அடி குறைந்தவுடன் கை எட்டவில்லை. மோட்டரின் தகட்டில் எழுதியிருக்கும் உறிஞ்சும் உயரம் சமவெளியை நினைத்து எழுதப்பட்டது. மலைக்குக் கொண்டுவருபவர் அதில் கழித்துக்கொள்ள வேண்டும் என்று கடைக்காரர் சொல்வதில்லை. அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

முதல் முறை மாற்றிய சீலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீல் உண்மையாகவே கெட்டுத்தான் இருந்தது, பாஸ் பொய் சொல்லவில்லை. ஆனால் பம்பின் சீல் தண்ணீரால் குளிர்கிறது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் சில நிமிடங்களிலேயே சூடேறிக் கருகும். தண்ணீர் வராததால் சீல் போனது. சீல் போனதால் தண்ணீர் வராமல் இல்லை. காரணத்தையும் விளைவையும் மாற்றிப் பிடித்ததால் ஒரு குடும்பத்தின் காசு போயிற்று. "ஓடட்டும், எப்படியும் கொஞ்ச நேரத்தில இழுத்துரும்" என்று வெறும் மோட்டரை ஓடவிடும் பழக்கம் எமது பகுதியில் நிறைய உண்டு. அது சீலைக் கொல்லும் பழக்கம்.

எல்லா வீட்டிலும் உயரமே காரணமல்ல

நாம் பார்த்த பெரும்பாலான மோட்டர்களில் குறை இதைவிடச் சின்னது: உறிஞ்சு குழாயில் காற்று. அல்லது புட் வால்வில் ஓர் இலை.

இதைக் கண்டுபிடிக்கப் பணம் தேவையில்லை. முதலில் சுவிட்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பம்பின் மேலே தண்ணீர் ஊற்றும் அடைப்பைத் திறந்து, விளிம்பு வரை மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். குமிழிகள் வந்து முடியும் வரை பொறுத்து, மறுபடி நிரப்புங்கள். அடைப்பைத் திறந்தபடியே விட்டு அரை மணித்தியாலம் காத்திருங்கள். தண்ணீர் விளிம்பிலேயே நின்றால் புட் வால்வும் நன்று, குழாயும் நன்று. இறங்கினால் எங்கோ ஒழுக்கு உண்டு. குழாய் மூட்டுகளைக் கையால் தடவிப் பாருங்கள். மூட்டில் ஈரம் கசிந்தால் அங்கேதான் ஒழுக்கு. வெளியே எங்கும் ஈரமில்லாமல் மட்டம் மட்டும் இறங்குகிறதா? அப்படியானால் புட் வால்வு மூடவில்லை. மேலே இழுத்துப் பாருங்கள். இலையோ, மணலோ, பாசியோ, தேய்ந்துபோன ரப்பரோ இருக்கும். கழுவினாலே பாதி வேளை சரியாகிவிடும்.

உறிஞ்சு குழாயின் ஒழுக்குக்கு ஒரு கள்ளக் குணம் உண்டு. மோட்டர் ஓடும்போது அது ஒரு சொட்டும் வெளியே விடாது. உள்ளே காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். ஆகவே ஓடும்போது பார்த்துவிட்டு "ஒழுக்கு இல்லை" என்று சொல்லக்கூடாது. சவர்க்கார நுரையை மூட்டுகளில் பூசிப் பாருங்கள். நுரை உள்ளே போனால் அந்த மூட்டு காற்றைக் குடிக்கிறது. தொட்டியில் விழும் தண்ணீரில் இடைவிடாமல் குமிழி வருவதும் இதே அறிகுறி. திருகுமூட்டைக் கழற்றி, வெள்ளை டேப் சுற்றி மறுபடி பூட்டினால் போதும். பிளாஸ்டிக் ஹோஸைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பவர்கள் தயவுசெய்து கிளிப்புக்கு மாறுங்கள். கம்பி ஓரிடத்தில் இறுக்கும், அடுத்த இடத்தில் தளர்த்தும்.

உறிஞ்சு குழாய் கிணற்றிலிருந்து பம்பு வரை மேல்நோக்கியே வர வேண்டும். நடுவில் மேடு வைத்து இறக்கினால் அந்த மேட்டில் காற்று தங்கிவிடும். புட் வால்வு கிணற்றின் அடியிலிருந்து ஓரடி மேலேயும், தண்ணீர் மட்டத்திலிருந்து ஓரடிக்குக் குறையாமல் கீழேயும் தொங்க வேண்டும். மேலே ஆழம் போதாவிட்டால் தண்ணீர் சுழித்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு வரும்.

மோட்டர் சுற்றவே இல்லை, "ம்ம்" என்று உறுமுகிறது என்றால் அது வேறு கதை. உடனே நிறுத்துங்கள். உறுமியபடி சில நிமிடம் விட்டால் வைண்டிங் கருகும், பிறகு கட்டக் கொடுக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிய பின், பின்பக்க விசிறி மூடியைத் திறந்து விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். இலகுவாகச் சுற்றினால் கெப்பாசிட்டரில் குறை இருக்கலாம், அல்லது கரண்ட் போதவில்லை. கெப்பாசிட்டரை நீங்கள் தொடவேண்டாம். பிளக் கழற்றிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். அது பாஸின் வேலை. விசிறி அசையவே மாட்டேன் என்றால் பல மாதம் சும்மா கிடந்து துரு பிடித்திருக்கிறது. முன்னும் பின்னும் மெதுவாக அசைத்து விடுவித்தால் பெரும்பாலும் ஓடும்.

சுவிஸிலோ ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ பிள்ளைகள் உள்ளவர்கள் அவர்களைக் கேட்டுப் பார்க்கலாம். அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கச் சுடுநீரை வீடு முழுவதும் குழாய்களில் சுற்றவிடும் சிறிய பம்பு ஒன்று இருக்கும். கோடை முழுவதும் நின்றுகிடந்து, முதல் குளிரில் சுவிட்சைப் போட்டால் உறுமிக்கொண்டு நிற்கும். பழைய வகைப் பம்புகளில் நடுவில் உள்ள ஆணியைக் கழற்றி, ஸ்குரூ டிரைவரால் தண்டைத் திருப்பிவிடுவார்கள், ஓடத் தொடங்கும். அந்த வீடுகளிலும் குழாயில் காற்று நின்றால் ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர். காற்றைத் திறந்துவிட்ட பிறகே பம்பைச் சந்தேகிப்பார்கள். ஊர் வேறு, தண்ணீரும் வேறு. ஆனால் முதலில் காற்றைத் தேடு என்ற விதி ஒன்றுதான்.

கரண்ட் விடயம் தோட்டப் புறங்களில் தனியாகச் சொல்ல வேண்டியது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில், நீண்ட கம்பியின் கடைசி வீட்டில், எல்லா லயங்களிலும் விளக்கெரியும் மாலை நேரத்தில், 180 வந்தாலே பெரிது. வோல்ட் அந்த அளவுக்கு இறங்கினால் மோட்டர் புறப்படும் பலம் ஐந்தில் மூன்று பங்காகிவிடும். பல்பு மங்கலாக எரியும் நேரத்தில் மோட்டரைப் போடாதீர்கள். விடியற்காலையில் போட்டுப் பாருங்கள். காலையில் ஓடி மாலையில் உறுமும் மோட்டரில் குறை இல்லை, கம்பியில்தான் குறை.

தண்ணீர் வருகிறது, ஆனால் குறைவு

இதற்கு ஒரு வாளியும் ஒரு கைக்கடிகாரமும் வேண்டும். 20 லீற்றர் வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து, கிணற்றின் மட்டத்தையும் திகதியையும் சேர்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். மோட்டர் நன்றாக இருக்கும் காலத்தில் எழுதி வைத்தால்தான் பிறகு ஒப்பிட முடியும். அதே மட்டத்தில், அதே குழாயில், மாதத்துக்கு மாதம் வாளி நிறையும் நேரம் கூடிக்கொண்டு போனால் உள்ளே சுழலும் இம்பெல்லர் மணலால் தேய்கிறது, அல்லது அதில் ஏதோ சிக்கியிருக்கிறது. வைண்டிங் கட்டி வந்த அன்றே தண்ணீர் குறைந்தால் மோட்டர் எதிர்ப்பக்கம் சுற்றுகிறதா என்று பாருங்கள். பம்பின் மேல் அம்புக்குறி இருக்கும். எதிர்ப்பக்கம் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் வரும், அதனால்தான் பலர் இதைக் கவனிப்பதில்லை.

மலைச்சரிவே எமக்கு ஒரு அளவுகோல். வெளியேற்று குழாயின் நுனியைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஏறுங்கள். எந்த உயரத்தில் தண்ணீர் நின்றுபோகிறதோ அந்த இடத்துக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் உள்ள உயரமே அந்தப் பம்பின் முழுப் பலம். தகட்டில் எழுதியுள்ள அதிகபட்ச உயரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிதாகக் குறைந்திருந்தால் பம்பு தேய்ந்துவிட்டது, அப்போது புதியது வாங்குவதைப் பற்றிப் பேசலாம். இந்தச் சோதனையை ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். தண்ணீர் வெளியேறாமல் ஓடினால் பம்பு சூடாகும்.

முதல் ஐந்து நிமிடம் நன்றாக வந்து, பிறகு இருமி இருமி நின்றால் பம்பைத் தொடாதீர்கள். கயிற்றை எடுங்கள். ஓடுவதற்கு முன் மட்டம், நின்றவுடன் மட்டம், ஒரு மணித்தியாலம் கழித்து மட்டம். மூன்றையும் எழுதினால் கிணறு எவ்வளவு வேகமாக ஊறுகிறது என்று தெரியும். ஊவாவில் ஐப்பசி தொடங்கித் தை வரை மழை. ஆனி முதல் புரட்டாதி வரை, மேற்கே மழை கொட்டும்போது எமது பக்கம் வரண்ட காற்றுத்தான். பாறை வெடிப்புகளில் ஊறும் கிணறுகள் அந்த மாதங்களில் பல அடி இறங்கும். தை மாதம் 14 அடியில் இருந்த தண்ணீரை இறைத்த மோட்டர், ஆவணியில் 21 அடிக்கு இறங்கிய தண்ணீரை எப்படித் தொடும்?

ஆனால் பருவத்தோடு பொருந்தாத இறக்கமும் உண்டு. 2014 டிசம்பரில், மழைக்காலத்திலேயே, உமா ஓயாத் திட்டத்துக்காகத் தோண்டப்பட்ட சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பெருமளவில் புகுந்தது. பண்டாரவளையைச் சுற்றிய கிராமங்களில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. 2017 இல் அதே துன்பம் மறுபடியும் பேசப்பட்டு, மக்கள் பண்டாரவளை வீதிகளில் திரண்டார்கள். திட்டம் 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டுவிட்டது. ஒரு கிணறு வற்றினால் முதல் சந்தேகம் மோட்டர் மேல்தான் விழுகிறது. காசு செலவழித்து, கழற்றிப் பூட்டி, கடைசியில்தான் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறோம். அதற்குள் எந்தத் திகதியில் மட்டம் இறங்கத் தொடங்கியது என்று சொல்ல எவரிடமும் எழுத்து இருப்பதில்லை. கிராம உத்தியோகத்தரிடமோ, பிரதேச செயலகத்திடமோ, நீர்வளச் சபையிடமோ போய் "கிணறு வற்றிவிட்டது" என்று சொல்வது ஒன்று. "கார்த்திகை 10 ஆம் திகதி 15 அடி, 20 ஆம் திகதி 19 அடி, மார்கழி 1 ஆம் திகதி வெறும் சேறு, பக்கத்து மூன்று கிணறுகளிலும் இதே கதை" என்று கொப்பியை விரித்துக் காட்டுவது வேறொன்று. ஒரு முழக் கயிற்றுக்கும் ஒரு கொப்பிக்கும் இவ்வளவு பெறுமதி உண்டு என்று நாமும் பிந்தித்தான் கற்றுக்கொண்டோம்.

பம்பை இறக்குவது

பம்புக்கு மேலே இருந்து இழுப்பது கடினம், கீழே இருந்து தள்ளுவது சுலபம். உறிஞ்சும் உயரத்துக்குத்தான் காற்று எல்லை போடுகிறது. தள்ளும் உயரத்துக்கு எல்லை மோட்டரின் பலம் மட்டுமே, சாதாரண வீட்டு மோட்டரே அறுபது, எழுபது அடி தள்ளும். ஆகவே எட்டாத தண்ணீருக்கு வழி பெரிய மோட்டர் வாங்குவதல்ல, இருக்கும் மோட்டரைத் தண்ணீருக்குக் கிட்ட இறக்குவது. ஓடையிலிருந்து இறைப்பவர்கள் பம்பை ஓடைப் பக்கம் கொண்டுபோகலாம். ஆனால் பம்பு வைக்க இடம் வேண்டுமென்று செங்குத்தான சரிவின் அடியை வெட்டாதீர்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்ததைக் கண்ட நாம், மழைக்கு முன் சரிவின் காலை வெட்டுவது என்னவென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கிணறு என்றால் உள்ளே ஒரு தட்டு அமைக்க வேண்டும். இங்கே இரண்டு எச்சரிக்கைகள், இரண்டும் உயிர் சம்பந்தப்பட்டவை. பெற்றோல், மண்ணெண்ணெய் மெஷினை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிடக்கூடாது. அதன் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. கிணற்றுக்குள் தங்கி, இறங்கியவரை மயக்கும், அவரைத் தூக்க இறங்கியவரையும் மயக்கும். மின்சார மோட்டர் என்றால் ட்ரிப் சுவிட்சும் எர்த் கம்பியும் இல்லாமல் இறக்கக்கூடாது. ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். கிணற்றில் எவராவது இறங்குவதற்கு முன் பிளக்கைக் கழற்றி, அதைக் கையிலேயே வைத்திருக்க ஓர் ஆள் மேலே நிற்க வேண்டும். இன்னும் ஆழமான கிணறுகளுக்கு இரட்டைக் குழாய் ஜெட் பம்பும், தண்ணீருக்குள்ளேயே மூழ்கி நிற்கும் பம்பும் உண்டு. அவை செலவு கூடியவை. தட்டு அமைக்க முடியாத இடத்தில் மட்டும் அவற்றை யோசித்தால் போதும்.

இடையில் நனைந்த மோட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம், பலர் கேட்டிருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்தது, வெள்ளமும் சேறும் புகுந்தன. அப்படிச் சேற்றில் கிடந்த மோட்டரை "ஓடுகிறதா பார்ப்போம்" என்று பிளக்கில் மாட்டாதீர்கள். மாட்டும் அந்த நொடியில்தான் அது கருகும், தொட்டவரையும் தாக்கும். திறந்து, நல்ல தண்ணீரால் சேற்றைக் கழுவி, பல நாள் வெயிலில் காயவைத்து, பெயாரிங்கை மாற்றி, பாஸிடம் வைண்டிங்கின் காப்பை மீற்றர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கழுவிக் காயவைத்து மீண்டும் ஓடிய மோட்டர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவசரப்பட்டு மாட்டியதால் போனவை அதைவிட அதிகம்.

பண்டாரவளை வீட்டில் கிணற்றின் வாயிலிருந்து எட்டடிக்குக் கீழே இரண்டு இரும்புக் கேடர்களைக் கிணற்றுச் சுவரில் பதித்து, மேலே கொங்கிறீற் பலகை போட்டோம். கேடர்கள் பழைய இரும்புக் கடையில் கிடைத்தன. மோட்டரை அதன்மேல் இறக்கி, ட்ரிப் சுவிட்ச் பூட்டி, உறிஞ்சு குழாயை 14 அடியாகக் குறைத்தோம். தண்ணீர் ஊற்றி நிரப்பி, மருமகன் சுவிட்சைப் போட்டார். சிறிது நேரம் காற்று, பிறகு கலங்கல், பிறகு தெளிந்த தண்ணீர். வாளி நிறைய 28 விநாடி. அந்த அக்கா அதைத் தன் மகனின் பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

கடந்த ஆவணியில் மறுபடி போனோம். கொப்பியில் பதினொரு வரிகள் இருந்தன. கடைசி வரியில் தண்ணீர் வாயிலிருந்து 26 அடி, பம்பிலிருந்து 18 அடி, வாளிக்கு 41 விநாடி. "இன்னும் ஓரடி எறங்கிச்சுன்னா நிப்பாட்டிருவோம், அப்புறம் வாளியாலதான் ஊத்தணும்" என்றார். லீக்ஸ் பாத்திகளில் பாதியை அந்தப் போகத்துக்கு அவர்கள் நடாமலே விட்டிருந்தார்கள்.